எலும்பறைக்கும் இறகறைக்கும் நடுவே

என் அக்காவைக் கட்டியவருக்கு வண்டு வளர்ப்பதுதான் உத்தியோகம். சிரிக்காதீர்கள், நாங்கள் வேண்டிய மட்டும் சிரித்து முடித்துவிட்டோம். சம்பந்தம் பேச வந்த சொந்தக்காரர், "மாப்பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்துல வேலை" என்றதும் அப்பாவுக்கு வாயெல்லாம் பல். பல்கலைக்கழகத்தில் என்ன வேலை என்று கேட்க எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கல்யாணம் முடிந்து சில நாளில் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அவர் பாடம் எல்லாம் எடுக்கலடி. செத்த பிராணியோட சதையைத் தின்ன வண்டு வளர்க்கிறார்" என்றாள். எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அவளுக்கு முதலில் அழுகை வந்தது, அப்புறம் அவளும் சிரித்தாள்.

விஷயம் இதுதான். அந்தப் பல்கலைக்கழகத்து அருங்காட்சியகம் ரொம்பப் பழையது. யாரோ ஒரு பேராசிரியர் தம் வீட்டில் கல்லும் சிப்பியுமாகச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறார். "ஒண்ணு இதுங்க இருக்கட்டும், இல்ல நான் இருக்கேன்" என்று அவர் மனைவி ஒருநாள் சொல்லிவிட, அத்தனையும் வண்டியேறிப் பல்கலைக்கழகத்துக்கு வந்ததாம். மாமா அப்படித்தான் சொல்வார். பிறகு கப்பலில் போன வைத்தியர்களும் மலையேறப் போனவர்களும் ஆளுக்கொன்றைக் கொண்டுவந்து கொட்ட, கட்டடத்தோடு கட்டடம் ஒட்டி வளர்ந்தது. முன்கூடத்தில் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு இரும்புக் கம்பியில் தொங்கும். அதைச் சுற்றிப் பித்தளைத் தொலைநோக்கிகள், தேய்ந்த காசுகள், குடுவைக்குள் வெளுத்துப்போன மீன்கள். அதெல்லாம் டிக்கெட் வாங்கி வருகிறவர்களுக்கு. அதற்குப் பின்னால் ஒரு பூட்டிய கதவு உண்டு. அதற்கு அப்பால் இருப்பவை ஆராய்ச்சிக்காரர்களுக்கு மட்டும்.

அந்தக் கதவைத் திறந்தால் இறகறை. தரையிலிருந்து கூரை வரை மர அலமாரிகள், அவற்றில் தட்டையான இழுப்பறைகள். ஒன்றை இழுத்தால் பஞ்சடைத்த பறவைத் தோல்கள் மல்லாந்து வரிசையாகப் படுத்திருக்கும். கண் இருந்த இடத்தில் வெள்ளைப் பஞ்சு, காலில் நூல் கட்டிய சீட்டு. அந்துருண்டை நாற்றம் மூக்கைத் துளைக்கும். இறகறையைக் கடந்தால் ஒரு முற்றம், அதில் ஒரு குளியலறை. முற்றத்தின் கோடியில் தகரக் கூரை போட்ட எலும்பறை. அதுதான் எங்கள் மாமாவின் ராஜ்ஜியம்.

முயலோ வௌவாலோ பாம்போ, எது செத்து வந்தாலும் தோலை உரித்துக் காயவைத்துக் கண்ணாடித் தொட்டிக்குள் வைத்துவிடுவார். வண்டுகளும் அவற்றின் புழுக்களும் சதையைத் தின்றுவிட்டு எலும்பை மட்டும் விட்டுவைக்கும். சுண்டெலியின் விலா எலும்புகூட ஒடியாமல் வெளியே வரும். தொட்டி அருகே நின்றால் சருகில் தூறல் விழுவதுபோல் சத்தம் கேட்கும். எல்லாம் சரிதான். ஆனால் அந்த வண்டுக்குச் செத்த முயலும் ஒன்றுதான், பஞ்சடைத்த பறவையும் ஒன்றுதான். முட்டையிடுகிற வண்டு ஒன்றே ஒன்று இறகறைக்குள் போனால் போதும், குடி முழுகிவிடும்.

அதனால் அங்கே ஒரு சட்டம் இருந்தது. இறகிலிருந்து எலும்புக்குப் போகலாம், எலும்பிலிருந்து இறகுக்கு வரக்கூடாது. முற்றத்தில் சிவப்புச் சாயம் பூசிய ஒரு படி உண்டு. எலும்பறையிலிருந்து வருகிறவர் அந்தப் படிக்கு முன்னாலேயே அங்கியைக் கழற்றி, செருப்பை விட்டு, தலைக்குக் குளித்து, வேறு துணி உடுத்திக்கொண்டுதான் தாண்ட வேண்டும். இறகறையைப் பார்த்துக்கொண்டவர் மாமாவின் நெடுநாள் சிநேகிதர். அவரே டீயைக் கொண்டுவந்து சிவப்புப் படியில் வைத்துவிட்டு, நாலடி தள்ளி நின்றுதான் பேசுவார். மாமா வீட்டுக்குக் கிளம்புவதும் பின்பக்கக் கேட் வழியாகத்தான். வீட்டிலும் அக்கா அதே சட்டத்தைப் போட்டிருந்தாள். கொல்லைக் குழாயில் குளிக்காமல் வாசலை மிதிக்கக் கூடாது. "இந்த வீட்டுல நான்தான் இறகறை" என்பாள்.

மாமாவுக்கு நான் வைத்த பெயர் நிதானம். தொட்டி மூடியைப் போட்டுவிட்டு மூன்று முறை அழுத்திப் பார்ப்பார். சட்டைப் பொத்தானை மேலிருந்து கீழே போட்டுவிட்டு மறுபடி மேலிருந்து தடவிப் பார்ப்பார். ஏன் மாமா இப்படி உயிரை வாங்குகிறீர்கள் என்றால், "பதறாத காரியம் சிதறாது பாப்பா" என்பார். எனக்குத் தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் அவருக்கு நான் பாப்பாதான். "ஆறின கஞ்சி பழங்கஞ்சி, அதையும் கொஞ்சம் தெரிஞ்சுக்கோங்க" என்று நான் வாயடிப்பேன். அவருக்குக் கோபமே வராது. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

எரிச்சலுக்குக் காரணம் இருக்கிறது. எலும்பறையில் போன் கிடையாது. அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் இறகறைக்குத்தான் போன் போட வேண்டும். சிநேகிதர் ஜன்னல் வழியாகக் கத்துவார். மனிதர் தொட்டியை மூடி, அழுத்திப் பார்த்து, அங்கியைக் கழற்றிக் குளித்து, துணி மாற்றி வருவதற்குள் இந்தப் பக்கம் பேசுகிறவருக்குக் கை வலித்துவிடும். அக்காவுக்குப் பிரசவ வலி எடுத்தபோது பக்கத்து வீட்டுக்காரம்மா அப்படித்தான் காத்திருந்து காத்திருந்து போனை வைத்துவிட்டார். மாமா ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது குழந்தைக்குத் தொப்புள்கொடி அறுத்து, துடைத்து, துணியில் சுற்றியாகிவிட்டது. ஈரத் தலையோடு நின்று, "பொண்ணா?" என்றார். அப்பா போனபோதும் அதே கதை. அக்கா வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் வந்தார், வராமல் இல்லை. நாங்கள் அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம்.

கல்லுளிமங்கன் என்று நான் திட்டினேன். அக்கா திட்டவில்லை. ஒருநாள் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் முகத்தைத் திருப்பாமலே சொன்னாள். "நகை நட்டு எதுவும் வேணாம்டி எனக்கு. நான் கூப்பிட்டா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஓடி வரணும். போட்டது போட்டபடி விட்டுட்டு ஓடி வரணும். அவ்வளவுதான்." எனக்குச் சுருக்கென்றது. அவள் வாழ்க்கையில் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான், அதையும் கேட்க வேண்டியவரிடம் கேட்கவில்லை.

அவருக்கு அவள்மேல் ஆசை இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். அவளுக்குக் கால் வலித்தால் உட்கார்ந்து பிடித்துவிடுவார். மகளுக்குப் பின்னல் போட்டுவிடுவார். ஒரு விடுமுறை நாளில் நன்றாகக் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்கள் இருவரையும் இறகறைக்கு அழைத்துப் போனார். சிநேகிதரிடம் சொல்லி ஒரு இழுப்பறையைத் திறக்கச் சொன்னார். உள்ளே ஒரே ஒரு குருவி. மண்ணில் புரட்டியெடுத்த மாதிரி ஒரு பழுப்பு நிறம், அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. எங்கோ நடுக்கடல் தீவிலிருந்து ஒரு கப்பல் வைத்தியர் கொண்டுவந்ததாம். அதற்குப் பிறகு அந்தத் தீவில் கப்பல் எலிகள் இறங்கி, முட்டைகளையெல்லாம் தின்று, அந்த இனமே போய்விட்டதாம். உலகத்தில் மிஞ்சியது இது ஒன்றுதான். அதைச் சொல்லும்போது மாமா குரலைத் தாழ்த்திக்கொண்டார். அக்கா குனிந்து பார்த்துவிட்டு, "இதுதானா என் சக்களத்தி? ஒரு பிடிகூட இல்லையே" என்றாள். சிநேகிதர் விழுந்து விழுந்து சிரித்தார். மாமாவுக்கு வெட்கத்தில் காது சிவந்துவிட்டது.

மகளைக் கட்டிக்கொடுத்து வெளியூர் அனுப்பிய பிறகு அக்காவுக்கு இதயம் பலவீனமானது. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது, பிறகு சும்மா நடந்தாலே வாங்கியது. கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் கூடவே இருந்தேன். மாமா தினமும் வேலை முடிந்து ஈரத் தலையோடு வந்து கட்டிலருகே உட்காருவார். லீவு போடுங்களேன் என்று நான் பல்லைக் கடிப்பேன். "தொட்டியைக் கவனிக்க வேற ஆள் இல்லையே பாப்பா" என்பார். அக்காவும் அவருக்குத்தான் பரிந்து பேசுவாள். "போகட்டும் விடுடி. இங்க உக்காந்து என் மூஞ்சியைப் பார்த்து என்ன ஆகப்போகுது?"

அன்று மத்தியானம் வைத்தியர் வந்து பார்த்துவிட்டு என்னை வெளியே அழைத்து, "வீட்டுக்காரரை வரச் சொல்லிடுங்க" என்றார். அக்காவின் கட்டில் வார்டில் முதல் கட்டில், நர்ஸின் மேஜையை ஒட்டியது. நர்ஸ் நல்ல மனுஷி. போனை வயரோடு இழுத்துக் கட்டில்மேலேயே வைத்தாள். நான் இறகறைக்குப் போட்டேன். சிநேகிதர் எடுத்தார். சொன்னேன். "ஐயோ, இரும்மா" என்று ரிசீவரை மேஜைமேல் வைத்தார். அவர் ஜன்னலில் போய்க் கத்துவது எனக்கு இங்கே கேட்டது.

நான் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன். இனி மூடியை அழுத்திப் பார்ப்பார், குளிப்பார், பொத்தான் போடுவார். அக்கா கண்ணைத் திறந்து, "வர்றாரா?" என்றாள். "உங்க வீட்டுக்காரரா? விடிஞ்சிடும்" என்றேன். அப்போதும் என் வாய் அடங்கவில்லை. சொல்லி வாயை மூடுவதற்குள் மறுமுனையில் மூச்சு இரைந்தது. "பாப்பா? அவ எப்படி இருக்கா?"

ரிசீவரை அக்கா காதில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். நானும் தலையை ஒட்டி வைத்திருந்ததால் இரண்டு பக்கமும் கேட்டது.

"எங்கேர்ந்து பேசறீங்க?" என்றாள்.

"இங்கதான். நான் இதோ வந்துடறேன். பயப்படாத."

"அங்கியை மாத்தினீங்களா?"

"மாத்திட்டேன், மாத்திட்டேன். நீ பேசு."

அவள் காதை ரிசீவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள். பிறகு, "மழைக்கு ஜன்னல் எல்லாம் சாத்திட்டு வந்தீங்களா?" என்றாள். சாத்தியதாகச் சொன்னார். "மகளை அழவேணாம்னு சொல்லுங்க" என்றாள். "நீயே சொல்லு, நான் வர்றேன்" என்றார். நர்ஸ் போனை வாங்கி வைத்தாள்.

அவர் வந்தபோது அவள் இல்லை. அங்கி இல்லாமல், காலில் செருப்பில்லாமல் வந்திருந்தார். தெருவெல்லாம் மழைச் சேறு. கட்டிலருகே வந்து அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டு, "இன்னும் சூடு இருக்கே பாப்பா" என்றார். எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருந்தது. அழத்தான் அழுதேன்.

காரியங்கள் முடிந்ததும் அவர் வேலைக்குத் திரும்பினார். நான் அடிக்கடி போய்ச் சமைத்து வைத்துவிட்டு வருவேன். யாரும் கேட்காமலே கொல்லைக் குழாயில் குளித்துவிட்டு உள்ளே வருவார். மழைக்காலம் போய் வெயில் வந்தது. அப்போதுதான் அது தெரிந்தது.

வெளிநாட்டு ஆராய்ச்சிக்காரர் ஒருவர் அந்தத் தீவுக் குருவியைப் பார்க்க வந்திருந்தார். சிநேகிதர் இழுப்பறையை இழுத்தார். அதில் குருவி இல்லை. பழுப்புத் தூளும், புழு உரித்துப்போட்ட சட்டைகளும், கொஞ்சம் பஞ்சும் இருந்தன. நடுவே ஒரு அலகு, சீட்டுக் கட்டிய கால், சுத்தமாக வெளுத்த சில எலும்புகள். அந்த அலமாரியில் இருந்த பறவைகள் எல்லாமே அப்படித்தான் போயிருந்தன. சிநேகிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாராம்.

அருங்காட்சியகத் தலைவியான அம்மையார் விசாரணை வைத்தார். இறகறை யார் பொறுப்பு? சிநேகிதர் பொறுப்பு. அந்துருண்டை மாற்றினாயா, இழுப்பறைகளைத் திறந்து பார்த்தாயா என்று அவரைத் துளைத்தார்கள். "நான் சரியாப் பார்க்கல. என் தப்புதான்" என்பதைத் தவிர அவர் வேறொன்றும் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்று பேச்சு. மாமா சாப்பாட்டைத் தட்டில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருப்பார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அக்கா போனப்பகூட வேளைக்குச் சாப்பிட்டீங்க. ஒரு குருவிக்காகப் பட்டினி கிடக்கிறீங்களா?" என்று கேட்டேவிட்டேன். தட்டைத் தள்ளி வைத்தார். "நாளைக்கு என்கூட விசாரணைக்கு வர்றியா பாப்பா?" என்றார்.

தலைவியின் அறை மாடியில். திமிங்கில எலும்புக்கூட்டின் முதுகு அந்த ஜன்னலுக்கு நேரே தெரியும். என்னை வாசலில் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். கதவு திறந்தே இருந்தது. உள்ளே சிநேகிதர் தலை குனிந்து நின்றார். மாமா போய் அவர் பக்கத்தில் நின்றார்.

"மேடம், இவர்மேல தப்பு இல்ல. எலும்பறை அங்கியோட நான்தான் இறகறைக்குள்ள போனேன். என் மனைவி இறந்த அன்னிக்கு. போன் வந்தது."

சிநேகிதர் நிமிர்ந்து, "டேய், சும்மா இருடா" என்றார். அவருக்கு முன்பே தெரியும். பார்த்தவர் அவர்தானே. அத்தனை நாளும் அந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை.

அம்மையார் பொல்லாதவர் இல்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "உக்காருங்க முதல்ல" என்றார். "அந்த நேரத்துல யாரா இருந்தாலும் பதட்டத்துல மறந்திருப்பாங்க. மறந்துட்டேன்னு எழுதிக் கொடுங்க. நான் பார்த்துக்கறேன்."

"மறக்கல மேடம்."

"அப்படிச் சொல்லாதீங்க. உங்களுக்குத்தான் கஷ்டம்."

"மறந்தா நல்லா இருந்திருக்கும். சிவப்புப் படிக்கிட்ட வந்து நின்னேன். அங்கி மேல இருக்குன்னு தெரியும். அந்தக் குருவி இருக்கிற அலமாரிப் பக்கம்தான் போன் இருக்குன்னும் தெரியும். குளிச்சிட்டுப் போனா அவ இருக்க மாட்டாளோன்னு தோணுச்சு. தெரிஞ்சேதான் தாண்டினேன்."

சிநேகிதர் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. அம்மையார், இனி மாமா பின்பக்கம் எந்த அறைக்குள்ளும் போகக்கூடாது என்றார். ஓய்வு பெறும்வரை முன்வாசலில் டிக்கெட் கிழிக்கலாம். சிநேகிதர் வேலையில் நீடிக்கலாம். வண்டுத் தொட்டியை எடுத்துவிடுவார்கள். மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அன்று முன்வாசல் வழியாகவே வெளியே வந்தோம். பஸ் நிறுத்தத்தில் கூட்டமில்லை. அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

"இதை ஏன் மாமா இவ்வளவு நாளா மனசுலயே வெச்சிருந்தீங்க? டிக்கெட் கிழிக்கப் பயந்தா?"

"அதுக்கு இல்ல பாப்பா. அவ கேட்டா. மாத்தினீங்களான்னு கேட்டா. மாத்திட்டேன்னு சொன்னேன். அவளோட கடைசியாப் பேசினப்ப சொன்னது பொய். எனக்கு மட்டும் தெரிஞ்ச வரைக்கும் ஒரு மாதிரி தாங்கிக்கிட்டேன். இன்னிக்கு நாலு பேர் முன்னால அங்கியோட போனேன்னு சொன்னதும், அவகிட்ட சொன்னது பொய்னு ஆயிடுச்சு."

அட மக்கு மனுஷா! இதற்கா இத்தனை நாள் உள்ளுக்குள்ளேயே செத்துக்கொண்டிருந்தீர்? போனை வைத்ததும் அக்கா என்னிடம் நாலு வார்த்தை பேசினாள். அவள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். அப்போது எனக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை. போகிற நேரத்துப் பேச்சு என்று விட்டுவிட்டேன். இதில் இவ்வளவு இருக்கிறதென்று எனக்கு எப்படித் தெரியும்?

"மாமா, அவளுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீங்க மாத்தலன்னு. போனை வெச்சதும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'புளுகுறார்டி, மாத்தவே இல்ல. மூச்சு வாங்குது பாரு, ஓடி வந்திருக்கார்'னு சொன்னா."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கோவமாவா சொன்னா?"

"கோவமா? சிரிச்சா மாமா. மூஞ்சியெல்லாம் சிரிப்பு. 'எனக்காக ஓடி வந்திருக்கார்டி'ன்னு ரெண்டாவது தடவையும் சொன்னா. அப்படியே கண்ணை மூடிக்கிட்டா."

பஸ் வந்தது. நாங்கள் எழுந்திருக்கவில்லை. கண்டக்டர் எங்களைப் பார்த்துக் கையைக் காட்டிவிட்டு விசில் ஊதினார். மனம் குளிர்ந்துபோவார் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓடி வந்தா அவ்வளவு சந்தோஷமா பாப்பா அவளுக்கு?"

"ஆமா மாமா. அது ஒண்ணுதான் கேட்டா."

"எனக்குத் தெரியாமப்போச்சே" என்றார். அதன் பிறகுதான் அந்தக் கல்லுளிமங்கனுக்கு, நடுத்தெருவில், போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, அழுகை வெடித்தது. "புள்ள பொறந்தப்ப ஓடியிருக்கலாமே. உங்கப்பா போனப்ப ஓடியிருக்கலாமே. எல்லாத் தடவையுமா குருவி செத்திருக்கும்?"